சிவப்புப் பெட்டியிலிருந்து ஒரு டாங்கி

எங்கள் கம்பெனியில் சண்டை ரோபோ செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. ஒரகடத்தில் கார் சீட்டில் மாட்டுகிற ‘பின்’ செய்கிற கம்பெனி அது. சுண்டுவிரல் அளவுக்கு ஒரு எஃகுத் துண்டு, அதைச் சரியாக எட்டு மில்லிமீட்டர் கனத்துக்கு உரசிக் கொடுப்பதுதான் இருநூறு பேரின் பிழைப்பு. அதை ஒழுங்காகச் செய்யவே நாக்குத் தள்ளுகிறது. இதில் ரோபோவாம், சண்டையாம்.

யோசனை துணை மேலாளர் சங்கரநாராயணனுடையது. வெளிநாட்டு டிவி போட்டியில் ஜெயித்து உலகமெல்லாம் பேர் வாங்கிய ரோபோ ஒன்றின் வீடியோவை அவர் போனில் வைத்திருந்தார். பொக்லைன் வண்டிக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் செயின், முன்னால் பல் வைத்த உருளை. எதிரே வருவதை அந்த உருளை அடித்துத் தூக்கிக் கடாசும். அதற்கென்று ஒரு பெயர் உண்டு. நாங்கள் ‘ஒரிஜினல்’ என்றுதான் சொன்னோம். அவர் காட்டுகிற சாக்கில் அதை நாங்களும் டீ ஆறிப்போகும்வரை பார்த்துத் தொலைத்தோம். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் நவம்பர் பதினாறாம் தேதி போட்டி, கம்பெனிகளும் வரலாம், எடை பதினைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. ஒரிஜினலைக் குட்டியாகச் செய்து களத்தில் இறக்குவோம் என்றார். அவருக்குத் தேவை மேடையும் ஒரு போட்டோவும். அதை நேராகச் சொல்லியிருந்தால் மாலை போட்டு எடுத்துக் கொடுத்திருப்போம்.

என் பெயர் தேவநாதன். இன்ஸ்பெக்‌ஷன். சுங்குவார்சத்திரத்திலிருந்து பைக்கில் வந்துபோகிறேன். பதினெட்டு வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நான் சரி என்று கையெழுத்துப் போட்டால் சரக்கு லாரி ஏறும், இல்லையென்றால் சிவப்புப் பெட்டிக்குப் போகும். இதை இத்தனை வருஷம் செய்தால் மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். சங்கரநாராயணனை நான் எப்போதோ சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் பதினாலாம் தேதி ஆயிரத்து இருநூறு பின்களை அந்தப் பெட்டிக்கு அனுப்பினேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த முதல் காலை ஷிஃப்ட். கிரைண்டிங் மெஷினில் செல்லக்கனி இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, மூன்று வருஷமாக கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த லைனில் ஒரே ஒரு பர்மனென்ட் இடம் காலி. அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நவம்பரில் லிஸ்ட் வரும். அதில் பெயர் இல்லையென்றால் மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிந்து வெளியே போக வேண்டியதுதான்.

நாங்கள் அளப்பது டயலில். மாஸ்டர் என்று ஒரு துண்டு உண்டு, துல்லியமாக எட்டு மில்லிமீட்டர். காலையில் முதல் வேலையாக அதை டயலுக்கு அடியில் வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவோம். அதன் பிறகு எந்தப் பின்னை வைத்தாலும் கூடவா குறைவா என்று முள் காட்டிவிடும். அன்றைக்கு அவளுடைய பின் ஒவ்வொன்றும் இருபது மைக்ரான் குறைவு என்று காட்டியது. தலைமுடியில் கால்வாசி கனம். சீட்டுக்கு அது போதும், ஆட்டம் கண்டுவிடும்.

அவள் வந்து, மாஸ்டர் இல்லாமலே நேராக அளவு காட்டுகிற தன் மைக்ரோமீட்டரில் எட்டு வருகிறது, நீங்களும் ஒருமுறை மைக்ரோமீட்டரில் பாருங்கள் என்றாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இது. பையை மாட்டிக்கொண்டு நேற்று பஸ் ஏறி வந்தவர்கள் எனக்கு அளக்கச் சொல்லித் தருகிறார்களே என்று எரிச்சலாக வந்தது. நான் பார்க்கவில்லை. அவள் சொன்னாள் என்பதற்காகவே பார்க்கவில்லை.

மாலை ஷிஃப்டில் அதே மெஷினில் அதே செட்டிங்கில் லோகேஷ் ஓட்டினான். படப்பைப் பையன், இவளைப் போலவே கான்ட்ராக்ட், அந்த ஒரே இடத்துக்கு அவனும் கண் வைத்திருந்தான். அவனுடைய பின் எல்லாம் சரியாக வந்தது. அதற்கு மேல் என்ன பேச்சு? ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்லக்கனியை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை சும்மா உட்கார வைக்க முடியாதே, அதனால் ரோபோ வேலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

ரோபோ டீம் என்பது இதுதான்: வேலையிலிருந்து எடுக்கப்பட்ட செல்லக்கனி, போனில் கேம் ஆடுவான் என்ற ஒரே தகுதியில் ரிமோட் பிடிக்க லோகேஷ், கையெழுத்துப் போட நான். தலைவர் சங்கரநாராயணன். தினம் காலை ஷிஃப்ட் முடிந்ததும் டூல் ரூமில் இரண்டு மணி நேரம். கழிவுச் சாமானில் மட்டுமே செய்ய வேண்டும், புதிதாக ஒரு போல்ட்கூட வாங்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. யாரோ செய்த சாம்பிளைக் கொண்டுவந்து வைத்து, அதை அளந்து, அதைப் போலவே செய்வது. யோசிப்பது நமக்கு ஆகாத வேலை. சங்கரநாராயணனும் அதைத்தான் செய்தார். ஒரிஜினலின் சாம்பிள் கிடைக்காததால் வீடியோவை நிறுத்தி, போன் திரை மேல் வெர்னியரை, இரும்புத் துண்டை இடுக்கி அளக்கிற அளவுகோலை, வைத்து அளந்தார். பி.இ. படித்தவர், சத்தியமாகச் சொல்கிறேன், திரை மேல் வெர்னியரை வைத்து அளந்தார். அந்த அளவுகளை எட்டால் பெருக்கித் தகடு வெட்டச் சொன்னார். வெட்டி நிறுத்தியபோது இடது பக்கம் வலது பக்கத்தைவிட மூன்று சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. ஒரிஜினலே அப்படித்தான் போலிருக்கிறது, அதில்தான் அதன் ரகசியம் இருக்கிறது என்றார்.

கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருப்பார்கள் சார், அதனால் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது என்று செல்லக்கனி சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, தானும் அதையேதான் சந்தேகப்பட்டதாகச் சொன்னார். நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ரோபோவைச் செய்தது அவள்தான். மற்றவர்கள் சுற்றி நின்றோம். பழைய கார்களின் வைப்பர் மோட்டார் இரண்டை எடுத்து ஆளுக்கொரு செயினை இழுக்க வைத்தாள். மெஷினில் சுழல்கிற தண்டான ஸ்பிண்டில் ஒன்று உடைந்து கிடந்ததை வெட்டி, அதில் நான்கு பல்லை வெல்டு வைத்து உருளை ஆக்கினாள். எடை கூடியபோது எங்கே இரும்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று தேடித் தேடித் துளை போட்டாள். பதினாலு கிலோ எண்ணூறில் நின்றது. சங்கரநாராயணன் அதற்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து ‘எஸ்.என். வாரியர்’ என்று எழுதினார். எஸ்.என். யாருடைய இனிஷியல் என்று யாரும் கேட்கவில்லை. லோகேஷ் தினமும் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தான்.

கடைசியாகத்தான் செயின். பக்கத்துக்கு முப்பத்தொரு கண்ணி. கழிவுத் தகட்டில் கண்ணிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் துளை போட்டு, துளையைத் துல்லியமாக்குகிற ரீமரை விட்டுச் சரியாக எட்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கண்ணிக்குக் கண்ணி கோக்க அறுபத்திரண்டு பின் வேண்டும். அவள் சிவப்புப் பெட்டியைத் திறந்து, அக்டோபர் பதினாலாம் தேதிப் பின்களை எண்ணி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

“நீங்களே ஏத்துங்கண்ணே. உங்க கைக்குத்தான் அளவு தெரியும்” என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதாவது மரியாதை தெரிந்ததே என்று நினைத்தேன். என்னைவிட முட்டாள் அந்த ஷெட்டில் அன்றைக்கு இல்லை.

அது நவம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை. முதல் பின்னைத் துளையில் வைத்தேன். இருபது மைக்ரான் குறைந்த பின் என்றால் துளைக்குள் தொளதொளவென்று விழ வேண்டும், ஆட்டினால் ஆட வேண்டும். இது கட்டைவிரலால் அழுத்திய பிறகுதான் வழுவழுவென்று உள்ளே போனது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது பின்னுக்கு மேல் என் கை ஓடவில்லை. பத்துப் பின்னை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குப் போய், மூன்று வாரத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மைக்ரோமீட்டரில் பத்தும் எட்டு.

மாஸ்டரை எடுத்தேன். அது பளபளவென்று இருந்தது. ஆனால் அதை வைக்கிற பெட்டியின் வெல்வெட்டில் மஞ்சளாக ஏதோ பொடி காய்ந்து ஒட்டியிருந்தது. மாலை ஷிஃப்டுக்கு வந்திருந்த மோகனப்ரியாவிடம், என் இடத்தில் அடுத்த ஷிஃப்டில் அளக்கிறவளிடம், சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“அது பூஜை சந்தனம் சார். லீவு முடிஞ்சி வந்த அன்னிக்கி மாஸ்டர் மேலயே காஞ்சிபோயி ஒட்டிக்கினு இருந்துச்சு. தொடச்சிட்டுத்தான் ஜீரோ வெச்சேன். இன்னா சார், எதுனா பிராப்ளமா?”

ஒன்றுமில்லை என்றேன்.

ஆயுத பூஜையில் எல்லோரும் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறார்கள். என் ஆயுதம் மாஸ்டர். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவன் நான்தான், பதினெட்டு வருஷமாக வைக்கிறேன். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது வழக்கம். இந்த வருஷம் துடைக்கவில்லை. காய்ந்த சந்தனத்தோடு மாஸ்டரை வைத்து, அந்தக் கனத்தையும் சேர்த்துப் பூஜ்யம் என்று முள்ளை நிறுத்தியிருக்கிறேன். சந்தனத்தின் கனம் இருபது மைக்ரான். அதற்குப் பிறகு நல்ல பின் ஒவ்வொன்றும் எனக்குக் குறையாகத் தெரிந்திருக்கிறது. மோகனப்ரியா துடைத்ததும் லோகேஷின் பின் சரியாகிவிட்டது. மெஷினிலும் தப்பில்லை, செல்லக்கனியிடமும் தப்பில்லை.

டூல் ரூமுக்குத் திரும்பி வந்தேன். செல்லக்கனி என் முகத்தைப் பார்த்தாள். நான் மீதிப் பின்களை ஏற்றி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பைக்கை எடுத்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று இருந்தேன். அவர்கள் போனார்கள். சனிக்கிழமை சங்கரநாராயணன் ஊரில் இல்லை. இப்படிச் சாக்குக்கு என்ன பஞ்சம்? ஒரு மெமோ கொடுப்பார்கள், உயிரா போய்விடும்? எனக்கு மெமோ பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் பெட்டியில் தூக்கிப் போட்டவர்கள் எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்து என்னைப் பேசிச் சிரிப்பார்கள், அதுதான் பெரிதாகத் தெரிந்தது. பயம்தான். வேறு பேர் வைக்க ஒன்றுமில்லை.

பதினோராம் தேதி லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பர்மனென்ட் லோகேஷுக்கு. அவன் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தான். செல்லக்கனி ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ரோபோவின் செயினை இறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் கொடுத்தான். நானும் தின்றேன்.

போட்டிக்கு எல்லோரும் கம்பெனி வேனில் போனோம். கல்லூரி மைதானத்தில் கெட்டிக் கண்ணாடித் தடுப்பு போட்டுக் களம் அமைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எங்களுக்கு முதலில் வந்தது கல்லூரிப் பையன்கள் செய்த சக்கர வண்டி. வாரியரின் உருளை ஒரே அடியில் அதைக் குப்புறத் தள்ளியது. இரண்டாவது வண்டியில் கிடைமட்டமாகச் சுழலும் வாள் இருந்தது. அது நேராக வந்து எங்கள் இடது செயினில் அடித்தது. பொறி பறந்தது. மறுபடி அடித்தது. கண்ணி நசுங்கியதே தவிர ஒரு பின் கழன்று வரவில்லை. மூன்றாவது அடியில் அதனுடைய வாள் உடைந்தது. இறுதிச் சுற்றில் லோகேஷ் பதறிப்போய்ப் பின்னால் ஓட்டி, களத்தின் மூலையில் இருந்த குழியில் தானே போய் விழுந்தான். எதிரி தொடக்கூட இல்லை. அவ்வளவு செல்ஃபி எடுத்தவன் ஒருநாளாவது ரிவர்ஸ் பழகியிருக்கலாம். இரண்டாம் பரிசு.

எங்கள் பிளான்ட் ஹெட் சண்முகசுந்தரம் வந்திருந்தார். மேடையில் சங்கரநாராயணனுக்குக் கேடயம் கொடுக்கும்போது, அத்தனை அடி வாங்கியும் செயின் எப்படித் தாங்கியது என்று மைக்கில் கேட்டார். எல்லாம் ரிஜெக்ட் பின் சார், கழிவிலிருந்து கோபுரம் என்பதுதான் எங்கள் தாரக மந்திரம் என்றார் இவர். ரிஜெக்ட் பின்னே இப்படி என்றால் நல்ல பின் எப்படியிருக்கும் என்று அவர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். பின் செய்கிற கம்பெனியைப் பதினைந்து வருஷமாக நடத்துகிறவர். அளவு குறைந்த பின் எப்படித் தாங்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேடயம் வாங்கியவருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் அந்த மைதானத்தில் இரண்டு பேர். ஒருத்தி மேடைக்குக் கீழே கிரீஸ் கையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, காலையிலேயே திருத்த ரிப்போர்ட் எழுதினேன். ஆபரேட்டர் மேல் தவறில்லை, மாஸ்டரில் சந்தனம் இருந்தது, துடைக்காதவன் நான் என்று எழுதிச் சங்கரநாராயணனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு முதலில் கேட்டது, அப்படியானால் மீதி ஆயிரத்துச் சொச்சம் பின்னையும் லாரி ஏற்றலாமா என்பதுதான். ரிஜெக்ட் சரக்கை மீட்டதாகத் தன் பெயரில் ஒரு மெயில் போட்டுக்கொண்டார். எனக்கு மெமோ வரும் என்றார். பர்மனென்ட்? அது ஒரே இடம், லோகேஷ் கையெழுத்தே போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வேண்டுமானால் அந்தப் பெண்ணுக்குக் கான்ட்ராக்டை இன்னும் ஆறு மாதம் நீட்டலாம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு ஷிஃப்ட் முடிந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டவனைப் போலத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். செல்லக்கனியைத் தனியாகக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன்.

அவள் வாங்கிப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள். இருங்காட்டுக்கோட்டையில் வேறு கம்பெனியில் சேரப் போவதாகவும், அங்கேயும் கான்ட்ராக்ட்தான், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொன்னாள். சந்தனத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்றேன்.

“தப்பு யாருக்கும் வரும்ண்ணே, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். “நான் சொன்னா யாரு கேப்பா? நீங்க சொன்னாத்தான் அளவு. அதான் பின்னை உங்க கையில குடுத்தேன். ஏழாம் தேதியே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பதினோராந் தேதிதான் லிஸ்ட் வந்துச்சு. நடுவுல நாலு நாள் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிண்ணே சும்மா இருந்தீய?”

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். அவள் கோபமாகப் பேசவில்லை. அளவு தவறி வந்த பின்னை ஓரமாக எடுத்து வைப்பதுபோல என்னை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷம் நான் பார்த்த பார்வைதான் அது, ஆனால் அதன் எதிரில் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பைக்கை எடுக்காமல் திரும்பவும் உள்ளே போனேன். காலையில் எழுதிய ரிப்போர்ட் ஃபைலில் இருந்தது. அதில் ‘தவறு கண்டறியப்பட்ட தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் பதினெட்டு என்று எழுதியிருந்தேன். எங்கள் கம்பெனியில் எழுதியதை அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினெட்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.